வாத்து செத்த நிமிடம்

செத்ததைப் பார்த்தவுடன் செத்த நேரம் சொல்லும் ஒரு ரக மனிதர் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். சுவரோரம் ஓர் எலி மல்லாந்து கிடந்தால் போதும். செய்தித்தாளை மடித்து அக்குளில் செருகி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து, செருப்பு நுனியால் ஒரு தட்டு தட்டி, நிமிர்ந்து, யாரும் கேட்காமலே "நேத்து ஆறே முக்கால்" என்பார். யார் போய் எலியிடம் சரிபார்ப்பது?

எங்கள் குடியிருப்பின் நிபுணர் மூன்றாம் மாடிக்காரர். பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே நிமிடக் கணக்கில்தான் பேசுவார்.

அன்று மாலை தையல்காரம்மாவின் வாத்து படிக்கட்டுக்குக் கீழே செத்துக் கிடந்தது. பழி காவலாளி மேல் விழுந்தது. அது அவர் காலைக் கொத்துவதும், அவர் அதைத் திட்டுவதும் அன்றாட நடப்பு. "இன்னிக்கே வேற ஆளைப் போட்டுடலாம்" என்றார் சங்கச் செயலாளர். காவலாளியின் முகம் சுண்டிப்போயிற்று.

கால்நடை மருத்துவர் வந்தார். வாத்தைத் திருப்பி, வைக்கவேண்டிய இடத்தில் வெப்பமானியை வைத்து, காலை மடக்கி விறைப்புப் பார்த்து, அங்கே வெயில் எப்போது விழும் என்றுகூட விசாரித்துவிட்டு, "காலைல ஒன்பதுலேருந்து மத்தியானம் ரெண்டுக்குள்ள இருக்கலாம். அதுக்கு மேல சொன்னா புளுகு" என்றார்.

மூன்றாம் மாடிக்காரர் சிரித்தார். "இவ்வளவு படிச்சும் அஞ்சு மணி நேரமா?" வாத்தின் இறக்கையை ஒரே விரலால் தொட்டார். "பதினொண்ணு நாப்பத்திமூணு."

"அப்போ நான் இங்க இல்லையே" என்றார் காவலாளி. "பொண்ணோட டீச்சரைப் பார்க்கப் போயிருந்தேன். பன்னெண்டரைக்குத்தான் வந்தேன்."

"அப்போ கேட்டை யாரு பார்த்தா?" என்றார் செயலாளர்.

"மூணாம் மாடி சார்தான். 'நான் பார்த்துக்கறேன், நீ போயிட்டு வா'ன்னாரு."

தையல்காரம்மா மெல்ல எழுந்தார். "ரோஜாச் செடியை மேஞ்சிடுச்சு, கழுத்தைத் திருகிடுவேன்னு காலைல கத்துனீங்களே, அண்ணா?"

நிபுணர் வாத்தை மறுபடி தொட்டார். "கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்" என்றார். அம்மா ஓரடி வைத்தார். நேற்று சாயங்காலமும் சேர்ந்துகொண்டது. இன்னும் ஓரடி வைத்தார். போன வாரம்கூட இருக்கலாம் என்றானது.

"போன வாரமா? இன்னிக்குக் காலைல என் மடியில உக்காந்து ரொட்டி தின்னுச்சு."

"சில வாத்துக்கு அப்படியும் உண்டும்மா" என்றபடியே அவர் மாடிப்படி ஏறினார்.

மறுநாள் மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது தொண்டையில் ஒரு கோட்டுப் பித்தான் அடைத்திருந்தது. தையல்காரம்மாவின் டப்பாவிலிருந்து விழுந்ததுதான். காவலாளியின் வேலை தப்பியது. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

இப்போது உங்களுக்கு வருவோம். பித்தான் வரும்வரை நீங்கள் பொறுத்திருந்தீர்களா, அல்லது பாதியிலேயே ஓர் ஆளை மனதில் பிடித்துவைத்துவிட்டீர்களா? பிடித்திருந்தால், அடுத்த முறை வாயைத் திறக்குமுன், அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.