பொருந்தாத உறை

தடித்த மாதிரி உறையோடு பிஸ்டல் இடுப்புக்குள் போய்விட்டது. பேன்ட் பித்தானைத்தான் போட முடியவில்லை.

"மூச்சை உள்ள இழு, வென்டல்" என்றார் ஆர்லிஸ் ப்ரூவிட்.

"இழுத்தாச்சு. இதுக்கு மேல இழுத்தா திரும்பி வராது."

"அப்ப ரெண்டு இஞ்ச் பெரிய பேன்ட் வாங்கணும். இடுப்புக்குள்ள செருகுற உறைன்னா எல்லாரும் அப்படித்தான் வாங்குவாங்க. பிஸ்டலுக்கும் உக்கார இடம் வேணுமில்ல?"

"பிஸ்டலை வாங்கினா பேன்ட்டையும் வாங்கணுமா? நாளைக்கு அதுக்குச் சோறும் போடச் சொல்லுவ போல."

வென்டல் கார்மடி நீர் வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக் கொல்லைப்புறமும் அவருக்கு அத்துப்படி. எந்த வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்ததில்லை. ஊரோடு பேசுகிற வேலையை இரண்டு பேருக்கும் சேர்த்து அவர் மனைவி வெர்னா பார்த்துக்கொண்டாள். மார்ச் மாதம் அவள் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வேலை காலியாகவே கிடந்தது.

ஆர்லிஸின் கடையில் முன்பக்கம் துப்பாக்கியும் தோட்டாவும், பின்பக்கம் தோல் வேலை. ஷெரீப் அலுவலகத்தில் அத்தனை பேர் இடுப்பிலும் தொங்குவது அவர் வெட்டி, அவர் மனைவி ஓப்பல் தைத்த உறைதான். அதனால்தான் டல்சா நகரத்தில் ஒரு அடகுக் கடையில் வாங்கிய சின்ன பிஸ்டலைத் தூக்கிக்கொண்டு வென்டல் நேராக இங்கே வந்திருந்தார்.

"இந்த வயசுல எதுக்குப்பா இதெல்லாம்?" என்றார் ஆர்லிஸ்.

"திருட்டுப் பயம்."

"உன் வீட்டுல திருட என்ன இருக்கு?"

வென்டல் யோசித்துப் பார்த்தார். ஒரு டிவி இருந்தது. அதில் பாதித் திரை சிவப்பாகத் தெரியும். "இருக்கு" என்றார். தனக்கேகூட அவர் திருட்டுப் பயம் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்.

"வெளிய தெரியவே கூடாது, ஆர்லிஸ். வெர்னா இருந்தவரைக்கும் வீட்டுக்குள்ள துப்பாக்கியை விட்டதில்ல. சர்ச் சபையில இருக்கிற பொம்பளைங்க எல்லாம் அவ கூட்டாளிங்க. அவ போய் நாலு மாசம்கூட ஆகலைன்னு ஆரம்பிச்சிடுவாங்க."

"தெரியாம பண்ணிடலாம். தோட்டா வச்சிருக்கியா?"

"மறந்துட்டேன் பாரு. ஒண்ணு குடு."

"ஒரு பெட்டியா?"

"பெட்டியில எத்தனை இருக்கும்?"

"அம்பது."

"அம்பதை வச்சுக்கிட்டு நான் யார்கூட யுத்தம் பண்றது? ஒண்ணு போதும். பிரிச்சுக் குடேன்."

கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு விவசாயிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆணியை எண்ணி வாங்குகிறவர், ஒரே தேயிலைப் பையில் இரண்டு நாள் டீயை ஓட்டுகிறவர் என்று வென்டலின் புகழ் ஊருக்குள் ஏற்கெனவே பரவியிருந்தது. ஆர்லிஸ் மட்டும் சிரிக்கவில்லை. வியாபாரிக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று வென்டல் நினைத்துக்கொண்டார்.

"தோட்டா ஸ்டாக் இல்ல" என்றார் ஆர்லிஸ், தோட்டா அலமாரியை முதுகால் மறைத்துக்கொண்டு. "லாரி வரணும்."

"அப்ப உன் பின்னால அடுக்கியிருக்கிறது?"

"இது வேற சைஸ். நீ பிஸ்டலை வச்சிட்டுப் போ. ஈரத்தோலை அது மேல சுத்தி அழுத்திக் காயவிட்டாத்தான் அச்சு விழும். அடுத்த சனிக்கிழமை வா."

டல்சாவுக்கே போய்த் தோட்டா வாங்கியிருக்கலாம். ஆனால் ஒற்றைத் தோட்டாவுக்காக எண்பது மைல் பெட்ரோலை எரிக்க வென்டலுக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை உறை வந்தது. இரண்டு அங்குலம் பெரிய பேன்ட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேன்ட் கோணிச் சாக்குபோல் தொங்க, வென்டல் ஆராதனைக்குப் போனார். பெஞ்சில் உட்கார்ந்ததும் உறையின் மேல் விளிம்பு விலா எலும்பில் ஏறிக் குத்தியது. பாஸ்டர் மௌன ஜெபத்துக்கு அழைத்த நேரம் பார்த்து அவர் வாயிலிருந்து ஒரு முனகல் வெளியே வந்தது.

பின் பெஞ்சிலிருந்து டார்லீன் ஃபிஸ்க் எட்டிப் பார்த்தாள். பாடகர் குழுவை நடத்துகிறவள். வெர்னாவுக்கு நெருங்கிய சிநேகிதி.

"பிரதர் வென்டல், என்ன இப்படி இளைச்சிட்டீங்க? பேன்ட் நிக்கவே மாட்டேங்குது."

"பேன்ட் பெரிசு, சிஸ்டர். நான் அதே சைஸ்தான்."

"அப்படித்தான் சொல்லுவீங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் சாயங்காலம் டார்லீன் வாசலில் நின்றாள். கையில், கோழியும் சாதமும் சீஸும் போட்டு ஓவனில் சுட்ட கண்ணாடித் தட்டு. தட்டின் அடியில் ஒட்டுநாடாவில் அவள் பெயர். கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக.

வெர்னா இறந்தபோது இப்படிப் பதினேழு தட்டுகள் வந்தன. மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் கழுவி, அடியில் இருந்த பெயர் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். கடைசித் தட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர்தான். அதன்பிறகு அந்தக் கதவைத் தட்ட யாருக்கும் ஒரு முகாந்திரமும் இல்லாமல் போனது. இப்போது சூடான சாதத்தைப் பிட்டு வாயில் போட்டபோது, விலா எலும்பு வலி அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

ஆனாலும் குத்துகிற உறையை எத்தனை நாள் கட்டிக்கொண்டு திரிவது? அன்றே ஆர்லிஸ் தன் பிக்கப் வண்டியில் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"உறை எப்படி? வலிக்குதா?"

"உயிர் போகுது."

"போகுமே!" என்றார் ஆர்லிஸ் திருப்தியோடு. "உறை கிடக்கட்டும், பிஸ்டலைக் குடு. பெல்ட்டுக்கு வெளிய மாட்டுற மாதிரி ஒண்ணு பண்ணலாம். மேல ஒரு கோட்டு போட்டா யாருக்கும் தெரியாது."

கோட்டு போட்டார். ஜூலை மாதம், நூற்றிரண்டு டிகிரி வெயில். சபையில் எல்லாரும் விசிறிக்கொண்டிருக்க, வென்டல் மட்டும் கம்பளிக் கோட்டுக்குள் தெப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார். நோயாளிகளுக்காகச் சபை அச்சடிக்கிற ஜெபக் குறிப்பில் அடுத்த வாரம் அவர் பெயரும் வந்தது: 'பிரதர் வென்டல் கார்மடி. எடைக் குறைவு, குளிர் காய்ச்சல்.'

தட்டு மூன்றாயிற்று. செவ்வாய்க்கிழமை பாஸ்டர் டோமினோக் காய்ப் பெட்டியோடு வந்து இருட்டும்வரை ஆடினார்.

"எனக்கு ஒண்ணுமில்ல, பாஸ்டர். சத்தியமா."

"தெரியும், தெரியும். உங்க ஆட்டம், பிரதர்."

மூன்றாவது உறை கணுக்காலில் கட்டுகிறது. நடக்கும்போது பிஸ்டல் எலும்பில் இடித்ததால் வென்டல் நொண்ட ஆரம்பித்தார். ஜெபக் குறிப்பில் 'காலும்' என்று சேர்த்தார்கள். டார்லீனின் கணவன் ஏர்ல் புல் வெட்ட வந்து, வெட்டி முடித்த பின்னும் போகாமல் நாய்களைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினான். இரண்டு பேரிடமும் நாய் கிடையாது.

நான்காவது, தோளில் மாட்டி அக்குளுக்கடியில் தொங்குகிற உறை. அதைப் போட்டால் இடது கை தூக்க வராது. பாட்டுப் புத்தகம் நழுவ, வென்டல் சட்டென்று நெஞ்சைப் பிடித்தார். பியானோவே நின்றுபோனது. ஜெபக் குறிப்பில் 'இருதயமும்' ஏறியது.

இதற்குள் ஆகஸ்ட் வந்துவிட்டது. ஆர்லிஸ் உறை முடித்துக் கொடுக்கிற சனிக்கிழமைகளில் மட்டும் பிஸ்டல் வீட்டுக்கு வரும். அன்று பார்த்து ஏர்லும் டார்லீனும் இரவுச் சாப்பாட்டோடு வந்து கொட்டாவி விட விட உட்கார்ந்திருப்பார்கள். திங்கட்கிழமை ஆர்லிஸ் வந்து, எங்கே குத்துகிறது என்று ஆவலாகக் கேட்டு, பிஸ்டலைத் திரும்ப எடுத்துப் போவார். தோட்டா லாரி மட்டும் வரவே இல்லை.

"எந்த ஊர்ல இருந்து வருது அந்த லாரி? நடந்தே வந்திருந்தாலும் வந்து சேர்ந்திருக்குமே."

"டயர் பஞ்சர்னு சொன்னாங்க" என்றார் ஆர்லிஸ்.

வென்டலும் முன்போல் அதட்டிக் கேட்கவில்லை. வெர்னாவின் கண்ணாடி டம்ளர்களை அலமாரியிலிருந்து இறக்கிக் கழுவி வைத்தார். தேயிலைப் பைகளை முழுப் பெட்டியாகவே வாங்கினார். சமையலறையில் இரண்டாவது நாற்காலி மேல் குவிந்திருந்த செய்தித்தாளை எடுத்துப் போட்டார்.

ஆனால் ராத்திரி படுத்தால் நெஞ்சு உறுத்தியது. அந்தச் சமயத்தில் உறை எதுவும் மாட்டியிருக்கவில்லை. கல்லுப்போல இருக்கிற மனுஷன், சாகப்போகிறவனுக்கு வந்த சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறான். உண்மையைச் சொன்னால் தட்டு நின்றுவிடும், டோமினோ நின்றுவிடும், மறுபடியும் அந்தக் கதவு சும்மா கிடக்கும். சொல்லாவிட்டால்? என்றைக்காவது ஒரு நாள் செத்துத் தொலைத்துக் காட்ட வேண்டியிருக்கும்.

அடுத்த ஞாயிறு, ஆர்லிஸ் வார் மாற்றிக் கொடுத்த அதே தோள் உறையோடு உட்கார்ந்திருந்தவரை பாஸ்டர் முன்னால் அழைத்தார்.

"பிரதர் வென்டலுக்காக எல்லாரும் கை வச்சு ஜெபிப்போம்."

வென்டலுக்கு வியர்த்தது. ஓட வழியில்லை. இருபது பேர் சுற்றிக்கொண்டார்கள். தலையில் ஒரு கை, முதுகில் நாலு கை. டார்லீனின் கை நேராக வந்து அக்குளுக்கடியில் பிஸ்டல் மேலேயே பதிந்தது.

முடிந்தது கதை என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

டார்லீன் கையை எடுக்கவில்லை. ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள். பிறகு விசும்பலோடு இன்னும் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தாள். 'கட்டி என்று நினைத்துவிட்டாள்' என்று வென்டலுக்கு உறைத்தது. அவளுடைய கண்ணீர் அவர் சட்டையை நனைத்தது. இதற்கு மேல் தாங்காது என்று அங்கேயே முடிவு செய்தார்.

மறுநாள் காலையில் நான்கு உறைகளையும் ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டு, பழைய பேன்ட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். உறை ஒழுங்காக இருந்திருந்தால் இந்தக் கூத்து எதுவும் நடந்திருக்காது. முதலில் ஆர்லிஸைத் திட்டுவது, பிறகு சபையில் உண்மையைச் சொல்வது என்று திட்டம்.

கடையில் ஓப்பல் மட்டும் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளில் அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஆர்லிஸ் எங்க?"

"உங்க வீட்டுக்குத்தான் போயிருக்காரு. திங்கட்கிழமை அவரு முறை."

"என்ன முறை?"

ஓப்பல் நூலைப் பல்லால் கடித்தாள்.

வென்டல் பையை மேசையில் கவிழ்த்தார். "இதைப் பாரும்மா. ஒண்ணு குத்துது, ஒண்ணு வேக வைக்குது, ஒண்ணு நொண்ட வைக்குது, ஒண்ணு கையை முடக்குது. ஷெரீப் ஆளுங்க யாராவது நொண்டுறாங்களா?"

"இல்லியே."

"ஊருக்கெல்லாம் உறை தைக்கிறீங்க. என் ஒருத்தன் உடம்புக்கு மட்டும் தைக்க வராதா?"

ஓப்பல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் சதை போட்டிருந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். அவள் குனிந்து மேசையின் அடி இழுப்பறையைத் திறந்து, பழுப்பு நிறத்தில் ஓர் உறையை எடுத்து நீட்டினாள்.

கையுறைபோல் மெல்லிசாக, மெத்தென்று இருந்தது. மேசையில் கிடந்த தோள் உறையிலிருந்து பிஸ்டலை எடுத்து அதில் செருகினார். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. இடுப்புக்குள் வைத்தார். குத்தவில்லை. பேன்ட் பித்தானைப் போட்டார். போட முடிந்தது. மேலே சட்டையை இழுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். அங்கே பிஸ்டல் இருப்பது அவருக்கே தெரியவில்லை.

"இது எப்ப தைச்சது?"

"நீங்க முதல்ல வந்தீங்களே, அந்த வாரமே."

"ரெண்டு மாசமா இதை உள்ள வச்சுக்கிட்டு, எனக்கு அந்தக் கண்ராவிகளையா கட்டி அனுப்புனீங்க? ஏம்மா?"

ஓப்பல் கையை நீட்டி, அவர் கழற்றிக் கொடுக்கும்வரை காத்திருந்து, பிஸ்டலோடு அந்த உறையை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

"ஒரே ஒரு தோட்டா போதும்னு கேட்ட மனுஷன் கையில, சரியா அமையற உறையை யாரு பிரதர் கொடுத்து அனுப்புவாங்க?"