பல்லி ஒட்டாத பூச்சு

ஒரு காட்டில் ஒரு பல்லி அரசாங்க வேலையில் இருந்தாள். பெயர் பரிபூரணம். சிங்க ராஜாவின் குகைக்கூரையில், அரியணைக்கு நேர் மேலே தலைகீழாக ஒட்டிக்கொண்டிருப்பதுதான் உத்தியோகம். ராஜா ஏதாவது முடிவெடுக்கும்போது அவள் 'ச்சு ச்சு' என்று சொன்னால் நல்ல சகுனம். உடனே அது சட்டமாகிவிடும். ராஜா பேசுவதைக் கேட்டு அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கொசு கண்ணில் பட்டால் சொல்வாள், அவ்வளவுதான். காடும் அதன்படி நன்றாகவே நடந்துவந்தது, குறை சொல்லக்கூடாது.

அந்த வேலையில் ஒரே ஒரு ஆபத்து. விழக்கூடாது. பல்லி ராஜாவின் தோளில் விழுந்தால் வெற்றி, மடியில் விழுந்தால் விருந்து, தலையில் விழுந்தால் கேடு என்பது அந்தக் காட்டுச் சாஸ்திரம். கேடு யாருக்கு என்று சாஸ்திரம் சொல்லவில்லை. பரிபூரணத்தின் சித்தி ஒருத்தி பழைய ராஜாவின் உச்சந்தலையில் விழுந்தாள். அன்று மாலை ராஜா சௌக்கியமாக உட்கார்ந்து மான்கறி சாப்பிட்டார். சித்தியைத்தான் காணோம். வால் மட்டும் வாசலில் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருந்ததாம்.

மழைக்காலம் வந்தது. குகைக்கூரை ஒழுகியது. ஒழுகிய தண்ணீரோடு வௌவால் எச்சமும் சேர்ந்து ராஜாவின் பிடரியில் சொட்டியது. "ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இந்தக் கூரை இருக்கணும்" என்றார் ராஜா. கூரையை மாற்ற முடியாது, அது மலை. ராஜாவை மாற்றலாமே என்று கரடி மந்திரிக்கு ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்தில் அதை விழுங்கிவிட்டு, பூச்சு வேலை செய்யும் திருமேனி என்ற மரநாயை அழைத்து வந்தார்.

திருமேனி பூச்சு பூசிய ஒரு கூழாங்கல்லைக் காட்டினான். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. சேற்றை எறிந்தால் வழுக்கி விழுந்தது. ராஜா தாமே ஒருமுறை துப்பிப் பார்த்தார். அதுவும் நிற்கவில்லை.

"இதுல என்னப்பா இருக்கு?" என்று கேட்டார்.

"மரப்பிசினும் அரக்கும் மகாராஜா. பிசினுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம நீள நீளமா சங்கிலிங்க கிடக்கு. ஒவ்வொரு சங்கிலியும் ஒரு முனையால பாறையைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். மறுமுனை வெளிய நீட்டிக்கிட்டு, தண்ணியோ அழுக்கோ எது வந்தாலும் கிட்ட சேர்க்காது."

"விளங்கலையே."

"நம்ம அதிகாரிங்க மாதிரிதான் மகாராஜா. ஒரு கை நாற்காலியை விடாது. இன்னொரு கை வர்றவங்களைத் தள்ளிவிடும்."

ராஜாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கரடிக்கும் விளங்கியது, ஆனால் அவர் சிரிக்கவில்லை.

பரிபூரணம் மெல்ல இறங்கி வந்து அந்தக் கல்லில் ஒரு காலை வைத்துப் பார்த்தாள். சர்ரென்று வழுக்கியது. பிறந்ததிலிருந்து அவள் காலுக்குப் பிடி கொடுக்காத இடம் என்று ஒன்றை அவள் பார்த்ததே இல்லை.

"தம்பி, எதுவும் ஒட்டாதுன்னா, நானு?"

"நீங்களும்தான் பரிபூரணம்மா. உங்க பாதத்துல பொடி மயிரா இருக்கு பாருங்க, அதுக்குப் பாறை இடம் கொடுக்குது, நீங்க நிக்கிறீங்க. என் பூச்சு யாருக்கும் இடம் கொடுக்காது. அதுதானே அதோட பெருமை."

"அப்ப நான் ராஜா தலையிலதானே விழுவேன்."

"டெக்னாலஜின்னு வந்தா நாலு பேர் விழத்தாம்மா செய்வாங்க" என்றான் திருமேனி, ரொம்ப அன்பாக.

அவள் கரடி மந்திரியிடம் ஓடினாள். பக்கத்துச் சுவருக்கு மாற்றல் கொடுத்தால் போதும், அங்கிருந்தே சகுனம் சொல்லிவிடுவேன் என்று கெஞ்சினாள். முடியாது என்று கரடி தலையை ஆட்டிவிட்டார். "சகுனம் நேர் மேலேர்ந்துதாம்மா வரணும். பக்கத்துலேர்ந்து வந்தா அது வெறும் அபிப்பிராயம். அபிப்பிராயம் சொல்ல இங்க யாருக்கும் சம்பளம் கிடையாது."

இதற்கிடையில் பக்கத்துக் காட்டுப் புலி ராஜா விருந்துக்கு வருவதாகச் சேதி வந்தது. அந்தக் காட்டில் ஒரு வழக்கம். பெரிய மனிதர் யாராவது வருவதற்கு முந்தின நாள்தான் எந்த வேலையும் தொடங்கும். கூழாங்கல்லைத் திருமேனி மணல் போட்டுத் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்து, அதற்கப்புறம்தான் பூசியிருந்தான். குகைக்கு அதெல்லாம் செய்ய நேரமேது?

"அண்ணே, கூரை முழுக்க எச்சமும் பாசியுமா இருக்கு. சுரண்டி எடுத்துட்டுப் பூசலாமா?" என்று கேட்டது பூச வந்த குரங்கு.

"சுரண்டினா யாருக்குடா தெரியும்? பூசினாத்தான் தெரியும். மேலயே அடி."

அடித்தார்கள். கூரை கண்ணாடியாய் மின்னியது. பரிபூரணம் ஓரத்துச் சுவரில் உட்கார்ந்து கடைசியாக ஒரு கொசுவைப் பிடித்துத் தின்றாள். சித்தியின் ஞாபகம் வந்தது. அழுகையும் வந்தது, ஆனாலும் கொசு ருசியாகத்தான் இருந்தது.

மறுநாள் புலி ராஜா வந்து உட்கார்ந்தார். வௌவால்கள் வழக்கம்போல் தொங்க வந்தன. கூரையில் கால் நிற்காமல் தொப்புத் தொப்பென்று விழுந்து, வெட்கப்பட்டு வெளியே போயின. புலி கைதட்டினார். சிங்கத்துக்கு மீசை துடித்தது. "சகுனத்தைக் கூப்பிடுங்க" என்றார்.

பரிபூரணத்தை ஒரு மூங்கில் நுனியில் ஏற்றி, அரியணைக்கு நேர் மேலே கூரையில் வைத்து அழுத்திவிட்டு, மூங்கிலை எடுத்துக்கொண்டார்கள்.

நாலு காலும் நாலு பக்கம் போயின. வாலால் அணைத்துப் பார்த்தாள், தாடையை அழுத்திப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கீழே ராஜாவின் உச்சந்தலை அகலமாகத் தெரிந்தது. சரி, கதை முடிந்தது என்று அவள் கண்ணை மூடப்போன நேரத்தில், பின்கால் நகம் ஒன்று எதிலோ மாட்டியது. பூச்சில் ஒரு கொப்புளம். எச்சத்தின் மேல் அடித்த இடமெல்லாம் அப்படித்தான் உப்பியிருந்தது. சங்கிலிகள் கெட்டியாகத்தான் பிடித்திருந்தன, பாவம்; பிடித்தது பாறையை அல்ல, வௌவால் எச்சத்தை.

அவள் தொங்கினாள். கொப்புளம் கிழிந்தது. எண்ணெய் தடவிய கல்லிலிருந்து தோசை கிளம்புவதுபோல் மொத்தப் பூச்சும் அழுக்கோடு பெயர்ந்து, புரண்டு, பரிபூரணத்தையும் சேர்த்துக்கொண்டு ராஜாவின் தலையில் இறங்கியது.

தலையிலிருந்து வால்வரை சிங்கம் மூடிக்கிடந்தார். பளபளப்பு வெளியே, எச்சம் உள்ளே. அவர் உச்சியில் பல்லி. திருமேனி வாசலை நோக்கி நகரத் தொடங்கினான்.

"பரிபூரணம்" என்றது உள்ளிருந்து ஒரு குரல். "நீ விழுந்தது எங்க?"

அவள் உச்சியிலிருந்தே குனிந்து சொன்னாள். "தலையிலதான் மகாராஜா. ஆனா பல்லி தனியா விழுந்தாத்தான் கேடு. பட்டாடையைக் கொண்டுவந்து போர்த்திட்டு விழுந்தா, அதுக்குப் பேரு பட்டாபிஷேகம்."

"சாஸ்திரத்துல அப்படியா இருக்கு?"

அவளுக்குத் தெரிந்து இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு கொசு குறுக்கே போனது. 'ச்சு ச்சு' என்றாள்.

அதற்கப்புறம் யார் என்ன பேச முடியும்? சட்டமாகிவிட்டது. கூரையிலிருந்து ஒரு சொட்டு தண்ணீர் ராஜாவின் மேல் விழுந்து, முத்தாக உருண்டு ஓடியது. ராஜா நனையவில்லை. உள்ளே கொஞ்சம் நாறியது, வெளியே மின்னியது. ராஜ உடை என்றால் அப்படித்தானே என்று அவரும் சமாதானமாகிவிட்டார். புலி ராஜா பொறாமை தாங்காமல் தமக்கும் இதேபோல் ஒன்று வேண்டும் என்றார். "இதுக்காகத்தான் நான் பாறையைத் தேய்க்கவே இல்லை" என்று சொல்லிக்கொண்டே திருமேனி வாசலிலிருந்து திரும்பி வந்தான்.

பூச்சு போகும்போது பழைய அழுக்கையெல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தது. சுத்தமான பாறை. பரிபூரணம் ஏறிப்போய் நாலு காலையும் அழுத்தினாள். இவ்வளவு நன்றாக அவள் என்றுமே ஒட்டியதில்லை. அங்கிருந்து பார்த்தபோது, பூசுவதற்கு முன் இனி யாரும் எதையும் தேய்க்கக்கூடாது என்று கரடி மந்திரி ஆணை வாசித்துக்கொண்டிருந்தார். அவள் கொசுவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, தானாகவே 'ச்சு ச்சு' என்றாள்.

நீதி: எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்து தொலைக்காதே; அந்த ஓட்டையில்தான் ஒரு ஏழையின் உயிர் மாட்டிக்கொண்டு பிழைக்கும்.