சம்பந்திக்கு, மெத்தை விஷயமாக

மடுல்சீமை,
கீழ்ப்பிரிவு லயம்.

ஹல்துமுல்லையில் பலசரக்குக் கடை நடத்தும் மதிப்புக்குரிய சம்பந்தி தயாபரன் அவர்களுக்கு, அழகையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் நல்லம்மாவும் மழையைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கு நீங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளை ஜெயரூபனும், எங்கள் மகள் தனுஜாவும், அவள் வயிற்றில் இருக்கிறவரும் சுகமாக இருக்க வேண்டுமென்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

போனில் பேசினால் நான் பாதியில் கோபப்பட்டு வைத்துவிடுவேன் என்று நல்லம்மா சொன்னதால் கடிதமாக எழுதுகிறேன். வளைகாப்புக்கு நீங்கள் எல்லாரும் வந்திருந்த அன்று, சம்பந்தியம்மா எங்கள் கட்டிலில் சற்று உட்காரப் போய், பழைய பஞ்சு மெத்தையின் நடுப்பள்ளத்தில் இறங்கிவிட்டார்கள். இரண்டு பெண்கள் கைபிடித்து இழுத்த பிறகுதான் எழுந்தார்கள். அது எங்கள் குற்றம், மறுக்கவில்லை. ஆனால் எழுந்ததும், "இதுல புள்ளத்தாச்சி படுத்தா தூக்குறதுக்கு ஆள் சேக்கணும்" என்று சொன்னார்கள். மறுவாரம் நீங்கள் போன் எடுத்து, "அழகையாண்ணே, தலப்பிரசவம் நம்ம வீட்டுலயே நடக்கட்டும், இங்க நல்ல மெத்தை இருக்கு" என்றீர்கள். நல்லம்மா அன்றைக்குச் சமைத்தாள், சாப்பிடவில்லை. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு என்பது எங்கள் உரிமை. ஒரு மெத்தைக்காக அதை விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்றே தீர்மானித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். முதலில் நுழைந்த கடையில் கண்ணாடிக் கதவு, உள்ளே சட்டையை உள்ளே விட்ட ஒரு விற்பனையாளர். மெத்தைகளைப் பாலித்தீன் உறைக்குள் நிறுத்தி வைத்திருந்தார்கள். படுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். "படுக்க ஏலாது ஐயா, கையால அமத்திப் பாருங்க" என்றார். "நா கையால தூங்குறதில்லைங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்தது பாறூக் முதலாளியின் கடை. அவர் என்னைக் கண்டதும், "செருப்பைக் கழட்டிட்டு எதுல வேணும்னாலும் படுங்க" என்று சொல்லிவிட்டார். மெத்தை பார்க்கும் விதத்தையும் அவர்தான் சொன்னார். மல்லாக்கப் படுத்து இடுப்புக்குக் கீழே கையை விட வேண்டுமாம். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை கல்லு, கையே போகாவிட்டால் மெத்தை சேறு, கொஞ்சம் உரசிக்கொண்டு போனால் அதுதான் சரி. ஓரத்தில் உட்கார்ந்தால் சரியக்கூடாது, எழுந்தால் குழி தங்கக்கூடாது. எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் படுக்கப் போவது நான் இல்லையே. கர்ப்பிணி இடதுபக்கம் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டுமென்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருப்பதால், நான் ஒரு தலையணையைக் கேட்டு வாங்கி, சட்டைக்குள் செருகி, துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்த வயிற்றோடு ஒவ்வொரு மெத்தையாக இடதுபக்கம் படுத்துப் படுத்து எழுந்து பார்த்தேன். ஸ்பிரிங் மெத்தையில் படுத்ததும் அது என்னைத் திருப்பி வலதுபக்கம் போட்டது. மெத்தென்ற ஸ்பொஞ்சில் வயிறு உள்ளே போய் நான் வெளியே நின்றேன். சாமான் வாங்க வந்த சனம் மெத்தையை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தது. ஒரு சிங்கள அம்மா பக்கத்தில் வந்து, எனக்கு உடம்புக்கு என்ன வருத்தம் என்று மெதுவாக விசாரித்தார். மகளுக்கு என்றேன். அவருக்கு எதுவரை விளங்கியதோ தெரியாது, என் தலையைத் தடவி ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

கடைசியில் கீழே தென்னந்தும்பும் மேலே ஸ்பொஞ்சும் வைத்துத் தைத்த ஒரு மெத்தை. இடுப்புக்குக் கீழே கை உரசிக்கொண்டு போனது. வயிறு அதன் இடத்தில் நின்றது. எழுந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தது வரைதான் நினைவு. கண் திறந்தால் கடை இருட்டு, வெளியே ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, ஒரு மனிதரும் இல்லை, நான் தலையணை வயிற்றோடு கிடக்கிறேன். பாறூக் முதலாளி என்னை எழுப்ப மனமில்லாமல் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டிருக்கிறார். திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கியவர், "வேற மெத்தை பாக்கப் போறீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, இதையே கட்டுங்க" என்றேன். பத்து வருடத்துக்கு உத்தரவாதமும் எழுதிக் கொடுத்தார்.

வாங்கியது பெரிதில்லை சம்பந்தி, கொண்டுவந்ததுதான். பஸ்ஸின் தலையில் ஏற்றிக் கட்டினோம். மலையேறும்போது மழையும் காற்றும் சேர்ந்து பிடித்து, பாலித்தீன் ஒரு பக்கம் கிழிந்து, மெத்தை படார் படாரென்று கூரையை அடிக்க, உள்ளே இருந்தவர்கள் மண்சரிவு என்று நினைத்துச் சாமியைக் கூப்பிட்டார்கள். கண்டக்டர், "பெரியவரே, ஒங்க மெத்தை எங்களுக்கு முன்னால போயிரும் போலருக்கே" என்று சொல்லி பஸ்ஸை நிறுத்தினார். பிறகு மெத்தையை உள்ளே இறக்கி நடுவழியில் நிறுத்தி, இந்தப் பக்கத்து ஆள்கள் அந்தப் பக்கத்து ஆள்களைப் பார்க்காமலே மடுல்சீமை வந்து சேர்ந்தோம். அங்கிருந்து கொழுந்து லொறியில், கொழுந்து மூட்டைகளின் மேல், நானே அதன்மேல் குப்புறப் படுத்துக் காவலாக வந்தேன். ஈரம் ஒரு மூலையில்தான். அதையும் நல்லம்மா அடுப்புப் பக்கம் நிறுத்திக் காயவைத்துவிட்டாள். லேசாகப் புகை வாசம் வரும், தவறாக நினைக்கக்கூடாது.

வீட்டுக்குள் கொண்டுபோனால், கட்டிலைவிட மெத்தை நீளம். கட்டிலின் கால்மாட்டுப் பலகையை அறுத்து எடுத்தேன். மெத்தையைப் போட்டதும் படுக்கிற காம்பராக் கதவு பாதிதான் திறந்தது. நான் பக்கவாட்டில் நுழைந்து காட்டி, "போதும்ல?" என்றேன். நல்லம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். "நீங்க நொழைவீங்க. நெறமாசக்காரி எப்புடி ஒருக்களிச்சு நொழைவா?" என்றாள். கேள்வி நியாயம். கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டிருக்கிறோம். லயத்துச் சனம் வந்து அமத்திப் பார்க்க ஆசைப்படுது, நான் ஒருத்தரையும் விடல. நானும் நல்லம்மாவும் முன்காம்பராவில் பாய் போட்டுத்தான் படுக்குறோம். அந்த மெத்தையில முதல்ல படுக்கப்போறது எம்மகதான். அதுல மாத்தமில்ல.

ஆகவே, மாப்பிள்ளை வரும் ஞாயிற்றுக்கிழமை தனுஜாவைக் கொண்டுவந்து விட வேண்டும். பஸ்ஸில் முன்சீட்டு பிடிக்கச் சொல்லுங்கள். அவசரத்துக்குப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக வேன் பேசி வைத்தாகிவிட்டது. மெத்தையைச் சோதிக்க யாரும் கூட வர வேண்டியதில்லை, நான் சோதித்துவிட்டேன்.

உங்கள் கடையில் யாவாரமும் வீட்டில் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். சம்பந்தியம்மாவின் இடுப்பு வலிக்கு நல்லம்மா தைலம் அனுப்புகிறாள், சூடு காட்டித் தேய்க்கவும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உறுதியுடன்,
அழகையா

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள், எங்களுக்குச் சொல்லாமலே நேற்று மத்தியானம் மாப்பிள்ளை தனுஜாவை அழைத்துவந்துவிட்டார். உங்களிடம் அழுது அடம்பிடித்து வந்தாளாம், நீங்களும் மறுபேச்சில்லாமல் அனுப்பினீர்களாம். நான் அவளை நேரே மெத்தைக்குக் கூட்டிப்போனேன். படுத்தாள். இடதுபக்கம் திரும்பினாள். "நல்லாத்தாம்ப்பா இருக்கு" என்றாள். பிறகு, "அம்மா எங்க படுக்குது?" என்று கேட்டாள். முன்காம்பராவில், பாயில் என்றேன். எழுந்து, தலையணையை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பாயில் படுத்துவிட்டாள். எவ்வளவோ சொன்னேன். "மெத்தையில படுக்குறதா இருந்தா அங்கயே இருந்திருப்பேனே. அம்மா பக்கத்துல படுக்கத்தானே வந்தேன்" என்கிறாள். நல்லம்மா நகர்ந்து இடம் விட்டாள். இரண்டு பேரும் இப்போது தூங்குகிறார்கள், மிஸ்ஸி சொன்னதுபோல் மகள் இடதுபக்கமாக. ஆகையால் மேலே எழுதியதை மறந்துவிட்டு, நீங்களும் சம்பந்தியம்மாவும் உடனே புறப்பட்டு வாருங்கள். பிள்ளை பிறக்கும்வரை இருங்கள். படுக்க நல்ல மெத்தை இருக்கிறது.