தரகர் அக்காவும் கம்ப்யூட்டர் மாப்பிள்ளையும்

கம்ப்யூட்டரைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்த ஒரே ஆள் இந்த மலைநாட்டிலேயே தரகர் அக்காதான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், மீசையை எடுத்துவிடுகிறேன்.

இலங்கை மலைநாட்டு ஹட்டனில் எங்களுடையது சின்ன சுற்றுலா அலுவலகம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வேன் பிடித்து, அறை போட்டு, எங்கே எப்போது போவது என்று திட்டம் எழுதிக் கொடுப்போம். அங்கே அக்காதான் மூத்தவர். ஒரு கல்யாணம்கூட அவர் முடித்துவைத்ததில்லை. தரகர் என்ற பெயர் வந்ததே ஏஐயால்தான்.

முதலாளி ஏஐயைக் கொண்டுவந்த அன்று நாங்களெல்லாம் வாயைப் பிளந்தோம். அக்கா மட்டும் பால் விடாத பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே திரையை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. பொண்ணு பாக்க வர்ற மாப்புள எல்லாம் அயன் போட்ட சட்டையோட இப்படித்தான் பேசுவாங்க. அதுக்காக மூணு எடத்துல விசாரிக்காம பொண்ணு குடுத்துருவோமா தம்பி?"

அன்றிலிருந்து ஏஐக்குப் பெயர் மாப்பிள்ளை. அக்காவுக்கு அதன்மேல் வெறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் எல்லோரையும்விட அதனிடம் அதிகம் வேலை வாங்கியது அவர்தான். ஆனால் பதில் வந்த கையோடு போனை எடுத்துவிடுவார். ஒருமுறை மாப்பிள்ளை, தண்டவாளமே இல்லாத மஸ்கெலியாவுக்கு ரயிலே விட்டார்.

"ஸ்டேஷன் மாஸ்டர் யாருன்னு கேளு தம்பி, நமக்குச் சொந்தமா இருக்கப் போறாரு!"

கேட்டேன். இல்லாத ஸ்டேஷனுக்கு ஒரு மாஸ்டர் பெயரையும் கூசாமல் சொன்னது. அலுவலகத்துக்கே புரையேறிவிட்டது.

அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. அந்தச் சமயம் கனடாவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். அவருடைய பெற்றோருக்குக் கல்யாணம் நடந்தது பழைய மஸ்கெலியாக் கோயிலில். அந்த வாசலில் ஒரு சூடம் ஏற்ற வேண்டும், இன்னொரு தடவை வர உடம்பு இடம்கொடுக்காது என்று எழுதியிருந்தார். மாப்பிள்ளையைக் கேட்டேன். காலையில் கோயிலுக்கு நடந்தே போகலாம் என்றது.

பழைய மஸ்கெலியா ஊரே நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிக் கிடப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா, மாப்புள தண்ணிக்குள்ள நடக்கச் சொல்றாரு!"

அக்கா சிரித்த சிரிப்பில் பிளேன்டீ கீபோர்டில் கொட்டியது. நான் அந்த அம்மாவுக்கு 'மன்னிக்கவும், முடியாது' என்று எழுதி அனுப்பப் போனேன்.

"நில்லு. எங்க விசாரிச்ச?"

"இதுல விசாரிக்க என்னக்கா இருக்கு? நமக்கே தெரிஞ்சதுதானே."

"நமக்குத் தெரிஞ்சதும் ஒரு மாப்புளதான் தம்பி. அதுவும் அயன் போட்ட சட்டையோடதான் வரும்."

போனை எடுத்தார். மஸ்கெலியா பஸ் கண்டக்டர் கத்தியது எனக்கே கேட்டது: "வெயிலுக்குத் தண்ணி வத்திப் போச்சுக்கா! கோயில் தூணு தெரியுது. சனம் போய்க் கும்பிட்டுட்டு வருது." கரையில் மீன் பிடிப்பவரை அக்கா சிங்களத்தில் விசாரித்தார். அவரும் ஆமாம் என்றார். டீக்கடைக்காரர், மழை பிடித்தால் மறுபடி மூடிவிடும், சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்றார். மாப்பிள்ளைக்குத் தண்ணீர் வற்றியதும் தெரியாது, தண்ணீர் இருந்ததும் தெரியாது. குருட்டாம்போக்கில் அடித்திருக்கிறது. ஆனால் எல்லாம் தெரிந்த நான் அந்த அம்மாவை வராமலே செய்திருப்பேன்.

அந்த அம்மா அடுத்த வாரமே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காய்ந்த சேற்றில் நடந்தார். சூடம் ஏற்றினார். தூணைக் கட்டிக்கொண்டு அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். வீடியோ காலில் அக்காவுக்குக் காட்டினேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, கல்யாணம் நடந்தது இந்தக் கோயில்லதானா? விசாரிச்சியா?"

விசாரித்திருந்தேன். மூன்று இடத்தில்.

அக்கா இப்போது மகளோடு கொழும்பில் இருக்கிறார். எனக்கு வீட்டில் பெண் பார்க்கிறார்கள். பெண் வீட்டார் என்னைப் பற்றி மூன்று இடத்திலாவது விசாரிக்க வேண்டுமாம். மூன்றுக்கும் அக்காவின் நம்பரையே கொடுத்துவிட்டேன். அவர் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் சரி, அதை மட்டும் நான் வேறெங்கும் விசாரிக்க மாட்டேன்.