சஷ்டி முதல் நாளில் யோகா தின்ற மீன்

லிட்கம், சிட்னி
24.10.76, ஞாயிறு இரவு

அன்பும் மதிப்பும் நிறைந்த மாமிக்கு,

வீடு முழுக்க உறங்கிய பிறகு, இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். பயந்துவிடாதீர்கள், எல்லோரும் சுகம். மாமாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் பேத்தி யோகா சோற்றைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வதும், புட்டைத் துப்புவதும், பசித்தால் தின்பாள் என்று டொக்டர் சிரித்ததும் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் நீங்கள் சொன்னபடி, பிள்ளை வாய் திறந்து சாப்பிட்டால் போதும், கந்தசஷ்டி முடியும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டோம் என்று முருகனுக்கு நேர்ந்தேன். குசினியைக் கழுவி, சட்டிகளையும் மாற்றியாயிற்று. இன்றுதான் முதல் நாள். இன்று பார்த்து இவருடைய மேலதிகாரி மிஸ்டர் டாசன் எங்களை ட்ரவுட் மீன் பிடிக்கக் கூப்பிட்டுவிட்டார். மறுக்க முடியுமா?

புளூ மவுண்டன்ஸுக்கு அப்பால், தாங்களே மீனை வளர்த்துக் குளத்தில் விட்டு, பிறகு காசும் வாங்கிக்கொண்டு எங்களைப் பிடிக்கச் சொல்லுகிற இடம் அது. வசந்தகாலம் என்று பெயர், குளிரில் பல்லுக் கிட்டியது. "விரதத்திலை மீன் பிடிக்கிறதோ?" என்று காரில் கேட்டேன். "ஈயைக் காட்டித்தான் பிடிக்கிறது. அதுவும் இறகாலை கட்டின பொய் ஈ. ஒரு புழுவும் சாகாது. பிடிச்சுப் பாத்திட்டுத் திருப்பி விடுவன்" என்றார் உங்கள் மகன். முதல் வீச்சில் தூண்டில் யூகலிப்டஸ் மரத்தில் ஏறியது, அடுத்ததில் மிஸஸ் டாசனின் தொப்பி குளத்துக்குள் போனது, யோகா தண்ணீரில் விழுந்துவிடுவாளோ என்று நான் அவள் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்க, இவருக்கு மீன் மாட்டிவிட்டது. திருப்பி விடப் போனால் காவல்காரன் ஓடி வந்து, இங்கே பிடித்ததை விடக்கூடாது, எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும் என்கிறான். டாசன் பாவம், நாள் முழுக்க நின்றும் ஒன்றுமில்லை. வேண்டாம் என்றவர் கைக்கே மீன் வந்து வந்து விழுந்தது.

மிஸஸ் டாசன் அங்கேயே அடுப்பு மூட்டி வெண்ணெயில் பொரித்தார். நான் புளிச்சாதத்தை உருட்டி, "ஆ காட்டு, குஞ்சு" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன், யோகா எழும்பிப் போய் அந்த மனுசியின் தட்டில் கை வைத்துவிட்டாள், மாமி! வாயிலிருந்து பிடுங்கத்தான் ஓடினேன். அவள் விழுங்கிவிட்டு, "இன்னும்" என்றாள். சாப்பாட்டைப் பார்த்து அவள் இதுவரை சொல்லாத சொல். பிறகு முள் எடுத்துக் கொடுத்தது நான்தான். முழு மீன். கொடுத்துக்கொண்டே அழுதேன்.

"நேர்த்தி வைச்சது பிள்ளை சாப்பிட. சாப்பிடேக்கை ஏனப்பா அழுறீர்?" என்றார் இவர்.

"நியாயம் பேசாதேங்கோ. மாமிக்கு நீங்களே எழுதுங்கோ" என்றேன். காதில் விழாதவர் போலத் தூண்டிலைச் சுருட்டப் போய்விட்டார்.

நேர்த்தி நிறைவேறியதா, முறிந்ததா என்று எனக்கு விளங்கவில்லை. நீங்கள் அங்கே பாலும் பழமுமாக இருக்கும்போது இதை எழுதக் கை கூசுகிறது. கோயில் ஐயரிடம் கேட்டுச் சொல்லுங்கள். சஷ்டி முடியும்வரை இனி எந்த மீனும் இந்த வீட்டு வாசலைத் தாண்டி வராது. இது உறுதி.

மாமாவுக்கும் உங்களுக்கும் எங்கள் வணக்கங்கள். முருகன் கோபித்துக்கொள்ளாவிட்டால், எல்லோருக்கும் துணையிருப்பான்.

உங்கள் மருமகள்
கமலினி

பி.கு.: மற்ற மீன்கள் ஏற்கெனவே பிரிட்ஜுக்குள் இருக்கின்றன. எறிய மனம் வரவில்லை. யோகா இப்போது எழும்பி வந்து, "பசிக்குது" என்று அதன் கதவைத் தட்டுகிறாள். சட்டியை அடுப்பில் வைத்துவிட்டேன். ஐயரிடம் கேட்கும்போது மிச்ச நாட்களுக்கும் சேர்த்தே கேளுங்கள். கெதியாகப் பதில் போடுங்கள்.