பொனட் திறந்த தாய்மாமன்

ஊவா மலைப்பக்கம் சிறுத்தை குறைந்துவிட்டது, மரை குறைந்துவிட்டது என்று கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கவலையே தேவைப்படாத ஓர் உயிரினமும் அங்கே உண்டு. பதுளையிலிருந்து எந்தத் தோட்டத்துப் பாதையில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், இரண்டு வளைவுக்கு ஒன்று கண்ணில் படும். அடையாளம் சுலபம். ஒரு பழைய காரின் பொனட் திறந்திருக்கும். வெளியே இடுப்பில் கட்டிய ஒரு சாரமும் இரண்டு கால்களும் தெரியும். மேல்பாதி உள்ளே இருக்கும். உள்ளேயிருந்து "ரெண்டே நிமிஷம்" என்று ஒரு குரல் வரும்.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'தானே கழற்றி'.

தானே கழற்றி பல் வலித்தால் வைத்தியரிடம் போவார், வேட்டி கிழிந்தால் தையற்காரரிடம் போவார், தேங்காய் பறிக்கக்கூட ஆள் கூப்பிடுவார். காரில் மட்டும் வேறொருவர் கை படக்கூடாது. எங்கள் பக்கம் மெக்கானிக்கை 'பாஸ்' என்போம். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்தது போலாகிவிடும். "பாஸுக்கு என்ன தெரியும்? ஒண்ணக் கழட்டி ஒம்போதக் கெடுப்பான்" என்பார். அவர் கழற்றினால் எத்தனை கெடும் என்று கேட்கிற துணிச்சல் யாருக்கு இருக்கிறது?

உதாரணத்துக்கு என் மச்சான் விஜேந்திரனையே எடுத்துக்கொள்ளுங்கள். என் அக்கா கலாராணியின் கணவர். ஸ்பிரிங்வெளிப் பக்கம் தோட்டப் பாடசாலையில் கணக்கு வாத்தியார். ஊரே அவரை 'சேர்' என்று கூப்பிடும். நம்பர் பிளேட்டில் இன்னும் 'ஸ்ரீ' எழுத்துப் போட்ட ஒரு வெள்ளைக் கார் அவரிடம் இருக்கிறது. அந்த எழுத்தில் நம்பர் கொடுப்பது நின்று முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. கார் நிற்கவில்லை. ஆனால் கத்தியது. காலையில் ஸ்டார்ட் செய்தால், பன்றியின் வாலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியது போல ஒரு கீச்சு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு இனித் தப்படித்து எழுப்பவே வேண்டாம் என்று தோட்டத்து லயத்துச் சனங்கள் சிரித்தார்கள்.

"பெல்ட் தேஞ்சிருச்சு" என்றார் மச்சான், காதைக் கூர்மையாக்கிக்கொண்டு. இஞ்சினுக்கு முன்னால் இரண்டு ரப்பர் பெல்ட்டுகள் ஓடும். ஒன்று ஃபேன் பெல்ட். அது அறுந்தால் தண்ணீர் ஓடாது, பெட்டரி ஏறாது, கார் மலையில் பாதி வழியில் கொதித்து நின்றுவிடும். மற்றது ஏசி பெல்ட். அது அறுந்தால் ஒன்றும் ஆகாது. பதுளைக் குளிரில் ஏசி போட்ட மனிதனை இன்னும் நான் பார்க்கவில்லை.

தேய்ந்த பெல்ட்டை மாற்றுவது நல்ல காரியம்தான். மாற்றுகிற நாளில்தான் சிக்கல். தானே கழற்றியின் பஞ்சாங்கத்தில் காரைக் கழற்ற ஒரே ஒரு முகூர்த்தம்தான் உண்டு: மறுநாள் விடிந்தால் அந்தக் காரில் கட்டாயம் போயாக வேண்டிய நாளின் முதல் நாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஹல்துமுல்லையில் மச்சானின் தங்கை சிவசக்தியின் மகளுக்கு மஞ்சள் நீராட்டுச் சடங்கு. மச்சான்தான் ஒரே தாய்மாமன். சீர்த்தட்டு அவர் கொண்டு போக வேண்டும், முதல் மாலையும் சேலையும் அவர் கையால் கொடுக்க வேண்டும், அதுவரை பிள்ளை மணையில் காத்திருக்க வேண்டும். நல்ல நேரம் பதினொன்றே முக்காலோடு முடிகிறது. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்த நான், போகிற வழி, மழை, மண்சரிவு எல்லாவற்றையும் போனில் மூன்று முறை பார்த்து வைத்திருந்தேன். மச்சானை மட்டும் பார்க்க மறந்துவிட்டேன்.

"டவுன்ல பாஸ்கிட்ட குடுத்தா ஒரு மணித்தியாலத்துல போட்டுத் தருவாருங்க" என்றாள் அக்கா.

"நீ போயி பலகாரத்தப் பாரு. தம்பி, டோர்ச்சப் புடி."

டோர்ச் பிடிக்கிறவன் ஒரு துணை இனம். அவனுக்கு வாய் கிடையாது. வலப்பக்கம் என்று நினைத்து வெளிச்சம் காட்டினால் இடப்பக்கம் என்பார், இடப்பக்கம் காட்டினால் "கண்ணுல அடிக்காத" என்பார். பட்டப்பகலில் டோர்ச் எதற்கு என்று கேட்கவே கூடாது. "கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்து வைப்போமா, எந்தப் பெல்ட் எப்படிப் போகிறதென்று தெரியும்" என்றேன். மச்சான் தலையை வெளியே எடுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போட்டோவா? இதென்ன கல்யாண வீடா?"

ஏசி பெல்ட் மரியாதையாகக் கழன்று வந்தது. ஃபேன் பெல்ட் வரவில்லை. அதை இழுத்துப் பிடித்திருக்கும் ஒல்டர்னேட்டரைத் தளர்த்துகிற போல்ட் துருப்பிடித்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிஷம் விடலாமே என்றேன். ஆனால் காத்திருப்பது தானே கழற்றியின் குலத்தொழில் அல்ல. மச்சான் கொல்லைப்பக்கம் போனார். வரும்போது கையில், தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற வளைந்த கத்தி.

"எப்படியும் வீசப்போற பெல்ட்டுதானே" என்றார். ஒரு வெட்டு. பெல்ட் ஃபேனில் சிக்கியது. இன்னொரு வெட்டு. இரண்டு துண்டு. இரண்டையும் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசியபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐந்து பரம்பரையாகத் தோட்டத்துத் துரைமாரிடம் பட்ட கடனை அன்றைக்குத்தான் தீர்த்தது போல.

அதற்குப் பிறகுதான், சாப்பிட்டுவிட்டு, கடைக்குக் கிளம்புகிற நேரத்தில் ஞாபகம் வந்தது: பழைய பெல்ட்டைக் காட்டாமல் பதுளையில் யாரும் புதுப் பெல்ட் தரமாட்டார்கள். அதிலிருந்த நம்பர் எப்போதோ தேய்ந்துவிட்டது. முற்றத்தில் தேடினோம். ஒரு துண்டுதான் கிடைத்தது.

பஸ் போய்விடும் என்று அந்த ஒரு துண்டையும், முழுதாக இருந்த ஏசி பெல்ட்டையும் கழுத்தில் போட்டுக்கொண்டு மச்சான் ஓடினார், பின்னால் நான். பஸ்ஸில் ஒரு கிழவர் நகர்ந்து உட்கார்ந்தார். "என்னா சேரு, சாரைப் பாம்பா?"

கடைவீதியில் மொஹிதீன் நானாவின் உதிரிப்பாகக் கடை. நானா ஏசி பெல்ட்டை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் புதியதை எடுத்து வைத்தார். பிறகு துண்டைத் தூக்கிப் பிடித்தார்.

"சேர், இதுல மத்தப் பாதி எங்க ஈக்கி?"

"இந்தப் பாதிய வச்சு அந்தப் பாதியக் கணக்குப் பண்ண முடியாதா நானா?"

"நீங்க கணக்கு வாத்தியார். நீங்களே விடையச் செல்லுங்க."

மச்சான் அக்காவுக்குப் போன் எடுத்தார், ஸ்பீக்கரில். தயங்கித் தயங்கி அக்கா சொன்னாள்: முற்றத்தில் கிடந்த ரப்பர் துண்டு நல்லதாக இருந்ததால், அதைக் கோழிக்கூட்டுக் கதவுக்குக் கீலாக வைத்து ஆணி அடித்துவிட்டாளாம்.

"அப்படியே அளந்து சொல்லு!"

தையல் டேப் எடுக்கப் போன சத்தம். கோழிகளின் சத்தம். பிறகு அக்காவின் குரல்: "ஏங்க, ஆணிக்கு இங்கிட்டு மட்டுமா, அங்கிட்டும் சேத்தா?"

"மொத்தமா!"

"பதினேழே முக்கா அங்குலம். இல்ல இருங்க, சேவல் இழுக்குது. பதினெட்டு."

கடையில் நின்ற ஐந்து பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானா மட்டும் சிரிக்கவில்லை, அவர் வியாபாரி. "சேவல் இல்லாட்டி ஒண்ணு, சேவலோட ஒண்ணு. ரெண்டும் கொண்டு போங்க. ஒண்ணு சரியா வரும், மத்தத அழுக்குப் படாமத் திருப்பித் தாங்க."

வீடு வந்ததும் மச்சான் முதலில் ஏசி பெல்ட்டைப் பூட்டினார். ஏன் அதை? கையில் முதலில் கிடைத்தது அதுதான். வியர்வை வழிய இறுக்கி, கையைத் துடைத்து, தேநீரும் குடித்துவிட்டு, ஃபேன் பெல்ட்டை எடுத்துக் குனிந்தார். அது போகவேண்டிய இடம் ஏசி பெல்ட்டுக்குப் பின்னால் இருந்தது.

நான் போனை நீட்டினேன். காலையில் அவர் குனிந்திருந்தபோது திருட்டுத்தனமாக எடுத்த போட்டோ அதில் இருந்தது. மச்சான் பார்த்தார். "நானும் அதத்தான் சொன்னேன்" என்றார்.

மறுபடி எல்லாம் கழன்றது. மண்ணெண்ணெய் வந்தது. போல்ட் அசைந்தது. சேவல் இல்லாத பெல்ட் ஏறவில்லை. சேவலோடு சொன்ன அளவு கச்சிதமாக ஏறியது. குழி தோண்டுகிற அலவாங்கை நான் நெம்பிப் பிடிக்க, ஒல்டர்னேட்டர் நகர்ந்து பெல்ட் இறுகியது. மச்சான் பெருவிரலால் அழுத்தி, அரை அங்குலம் அமிழ்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கடைசியில் ஒரு நட்டு மிஞ்சியது. "கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்டது" என்று அதைக் காரின் சாம்பல் கிண்ணத்தில் போட்டார். அங்கே ஏற்கெனவே பதினொரு நட்டுகள் குடியிருந்தன.

இப்போது நீங்கள் எதிர்பார்க்கிறது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கார் வழியில் நிற்கும், தாய்மாமன் கைகாட்டி லொறி பிடிப்பார் என்று காத்திருக்கிறீர்கள். எனக்கும் அதுதான் பயம். இரவெல்லாம் தூங்காமல் பஸ் நேரங்களை எழுதி வைத்திருந்தேன்.

கார் நிற்கவில்லை! கீச்சு இல்லை, கொதிப்பு இல்லை. பண்டாரவளை ஏற்றத்தைப் பட்டாக ஏறியது. அப்புத்தளையில் மூடுபனிக்குள் புகுந்து வெளியே வந்தது. பின் சீட்டில் ஏழு சீர்த்தட்டுகளுக்கு நடுவே அக்கா முகம் மலர்ந்து இருந்தாள். மணி பத்தேகால். பெரகலை தாண்டி இறக்கத்தில் ஒரு வளைவு திரும்பினோம்.

வழியோரத்தில் ஒரு வேன். பொனட் திறந்திருந்தது.

"வேணாங்க" என்றாள் அக்கா.

"ரெண்டே நிமிஷம்."

வேன்காரர் றில்வான், பண்டாரவளைக்காரர், பாவம், ஏற்கெனவே போனில் ஒரு பாஸைக் கூப்பிட்டுவிட்டார். பாஸ் வர அரை மணித்தியாலம் ஆகும் என்றதும் மச்சான் வேட்டியை மடித்துக் கட்டினார். பட்டு வேட்டி. தலை உள்ளே போய்விட்டது. "ஒல்டர்னேட்டர் நட்டு கழண்டு உழுந்திருச்சு தம்பி, அதான் பெல்ட் தொங்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதற்குள் பின்னால் வந்த பஸ் நின்று, டிரைவர் இறங்கி, கண்டக்டர் இறங்கி, பிரயாணிகளில் பாதிப்பேர் இறங்கி, பொனட்டைச் சுற்றி ஒரு மாநாடே கூடிவிட்டது. ஒருவர் கம்பியால் கட்டச் சொன்னார். ஒருவர் சேலைத் தலைப்பைக் கிழித்துப் பெல்ட்டாகப் போடலாம் என்று சொல்லிவிட்டு எங்கள் சீர்த்தட்டைப் பார்த்தார். அக்கா கதவைப் பூட்டிக்கொண்டாள்.

மணி பத்தே முக்கால். போன் அடித்தது. சிவசக்தி. "அண்ணே எங்க இருக்காரு? புள்ள மணையில ஒக்காந்துருச்சு!"

"கிட்ட வந்துட்டோம்" என்றேன். தாய்மாமனின் இடுப்பு வரைதான் வெளியே தெரிந்தது என்பதை எப்படிச் சொல்வது?

"நட்டு இருந்தா முடிஞ்சிரும்" என்றார் றில்வான். மச்சான் சட்டென்று நிமிர்ந்தார். பொனட்டில் தலை இடித்தது. அவர் கண்ணில் ஓர் ஒளி. காருக்கு ஓடினார், சாம்பல் கிண்ணத்தை உருவி வந்தார். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது என்று சரிபார்த்தார். பதினோராவது நட்டு, போல்ட்டில் வழுக்கிக்கொண்டு ஏறியது. கூட்டம் கைதட்டியது. வேன் ஸ்டார்ட் ஆனது. றில்வான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ் ஒங்களுக்கு நீண்ட ஆயுளத் தரணும் சேர்" என்றார்.

"அதுக்கு மொதல்ல நான் மனசு வைக்கணும்" என்றாள் அக்கா.

பதினொன்று முப்பத்தெட்டுக்குப் பந்தலுக்குள் ஓடினோம். மேளம் தொடங்கியது. கை கழுவ நேரமில்லை. மச்சான் மாலையைப் போட்டார், தட்டிலிருந்த மஞ்சள் பட்டுச் சேலையை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தார். பிள்ளை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, சேலையின் நட்ட நடுவில் ஐந்து விரல்களும் ஒரு உள்ளங்கையும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

சிவசக்தி கிட்ட வந்து பார்த்தாள். "இது என்னாண்ணே, புது டிசைனா?"

பிள்ளைதான் முதலில் சிரித்தது. "மாமா கையெழுத்து போட்டிருக்காரும்மா. மாத்த மாட்டேன், இதத்தான் கட்டுவேன்." கட்டியது. போட்டோ அல்பத்தில் எல்லாப் படத்திலும் அந்தக் கை இருக்கிறது. மச்சான் மட்டும் முக்கால்வாசிப் படங்களில் இல்லை. பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்ததாம். ரெண்டே நிமிஷம் என்று போனவர், சாப்பாட்டுக்குத்தான் வந்தார்.

சரி, வாசகரே, சிரித்தீர்கள். ஒரு கேள்வி. கவ்வாத்துக் கத்தி வந்த இடத்தில் உங்களுக்கு உள்ளுக்குள் ஏதாவது துடித்ததா? "அட, வெட்டாதே, முதலில் போல்ட்டுக்கு மண்ணெண்ணெய்" என்று வாய்க்குள் முணுமுணுத்தீர்களா? ஏசி பெல்ட்டை முதலில் பூட்டியபோது பக்கத்தைத் திருப்பாமல் தலையில் அடித்துக்கொண்டீர்களா? அந்த வேனின் போல்ட்டுக்கு எந்த அளவு நட்டு என்று நான் எழுதாமல் விட்டது இன்னும் உறுத்துகிறதா?

அப்படியானால் தயவுசெய்து கையைக் கொஞ்சம் வெளிச்சத்தில் நீட்டி நகக்கண்ணைப் பாருங்கள். நானும் பார்த்தேன். டோர்ச் மட்டும்தான் பிடித்தேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். நகம் வேறு சொன்னது.