அவர் திரையில் மட்டும் ஓடும் படம்

"எனக்கு ஓடுதே" என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. அடையாளம் காண்பது சுலபம். ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்று அவரிடம் போய்ச் சொன்னால் போதும். உங்கள் வாக்கியம் முடிவதற்குள் தன் திரையை ஒரு பார்வை பார்ப்பார். நாற்காலியில் சற்றே சாய்வார். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று கையை விடும் வைத்தியரைப் போல, "எனக்கு ஓடுதே" என்பார். அந்த நொடியிலிருந்து கோளாறு உங்களுடையது. அவருடைய வேலை முடிந்தது.

இவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு. ஆனால் செழித்து வளர்வது வீடியோ சர்வர் இருக்கும் அறைகளில்தான். கேமராவிலிருந்து வரும் படத்தை ஒரு மென்பொருள் வாங்கிச் சுருக்கி, ஆறு ஆறு விநாடித் துண்டுகளாக நறுக்கி, சர்வரின் டிஸ்கில் அடுக்கி வைக்கிறது. அந்தத் துண்டுகளை உங்கள் செல்போன் ஒவ்வொன்றாக வாங்கி, ஒட்டுப்போட்டு, நேரடி ஒளிபரப்பு என்று உங்களுக்குக் காட்டுகிறது. இத்தனை நீளப் பாதையில் எங்கே அடைத்துக்கொண்டாலும் உங்கள் கண்ணுக்குத் தெரிவது ஒரு வட்டம், அது சுற்றிக்கொண்டே இருக்கும். வட்டத்துக்கு யாரை வேண்டுமானாலும் குற்றவாளி ஆக்கலாம். இதைவிட வசதியான தொழில் உண்டா?

நாம் பார்க்கப் போகும் சர்வர்காரர் இதில் பதினோரு வருட அனுபவசாலி. புகார் வந்தால் அவரிடம் ஒரு வரிசை உண்டு, அது மாறாது. முதலில் உங்கள் நெட்டைச் சந்தேகிப்பார். அடுத்து உங்கள் செல்போனின் வயதைக் கேட்பார், அதைக் கேட்டு லேசாக உச்சுக்கொட்டுவார். பிறகு பழைய சேமிப்பையெல்லாம் துடைக்கச் சொல்வார்: "கேஷை கிளியர் பண்ணிட்டுப் பாருங்க." கடைசியாக எல்லாவற்றையும் அணைத்துப் போடச் சொல்வார். சர்வர் தன் உடம்புக்கு என்ன என்பதை வரி வரியாக எழுதி வைக்கும் லாக் என்ற ஒன்று அவர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அதை அவர் திறப்பதில்லை. சந்தேகம் உள்ளவன்தானே திறப்பான்?

அன்று ஒரு கல்லூரியின் பட்டமளிப்பு விழா. அரங்கத்துக்குப் பின்னால், மடக்கு நாற்காலிகளை அடுக்கியிருந்த சின்ன அறையில் சர்வர்காரர் இரண்டு திரைகளோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே பட்டம் வாங்குவோர் வரிசையில் அவருடைய அக்கா மகளும் நின்றிருந்தாள். அவள் அப்பா, இவருக்கு மாமா, அரங்கில் இருந்தார். அக்கா வரவில்லை. பத்து நாள் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து, கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, வீட்டில் தனியாகச் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் செல்போனை நம்பவும் வழியில்லை. அவர் எடுக்கும் படங்களில் பாதிக்கு மேல் தெரிவது அவருடைய கட்டைவிரல்.

போன் அடித்தது.

"டேய், வட்டம் சுத்துதுடா."

சர்வர்காரர் திரையைப் பார்த்தார். மேடையில் ஒருவர் சுருட்டிய தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தார், ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போனார்கள். "எனக்கு ஓடுதேக்கா."

"உனக்கு ஓடி என்ன பண்றது? மூணு பேரோட பேச்சை முழுசா காட்டுச்சு. பட்டம் குடுக்க ஆரம்பிச்சதும் நின்னுடுச்சு."

"உன் நெட்டுதான். வைஃபைக்குப் பக்கத்துல போய்ப் பாரு."

"காலைக் கழட்டி வெச்சிட்டுப் போகவா?"

சர்வர்காரர் இதற்கெல்லாம் அசைகிறவர் இல்லை. "சரி, கேஷை கிளியர் பண்ணு."

"பண்ணிட்டேன். போன தடவை நீ சொன்னதிலிருந்து எது நின்னாலும் முதல்ல அதைத்தான் பண்றேன். மிக்ஸி நின்னப்பகூட அதைத்தான் தேடினேன். மாமா மெசேஜ் போட்டிருக்காரு, இப்ப நூத்தி இருபதாம் நம்பர் போகுதாம். அவ நம்பர் இருநூத்திப் பதினாலு. பாத்துக்க."

"போனை ஒரு தடவை அணைச்சுப் போடுக்கா."

அக்கா அணைத்துப் போட்டார். வட்டம் சுற்றியது. மறுபடி கூப்பிட்டார். சர்வர்காரர் பிரவுசரை மாற்றச் சொன்னார். அதற்குள் கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, வெளியூர்ப் பெற்றோர்கள் வரிசையாகக் கூப்பிடுவதாகச் சொன்னார். "எல்லாரும் ஒரே நேரத்துல பாக்குறாங்க இல்ல, அவங்க பக்கம் நெட் திணறும்" என்றார் சர்வர்காரர். நானூறு பேர், நானூறு வீடு, நானூறு நெட். எல்லாம் ஒரே நிமிஷத்தில் கெட்டுப்போயிருந்தன. அவருக்கு அது விசித்திரமாகப் படவில்லை.

நம்பர் நூற்றுத் தொண்ணூற்றாறு போய்க்கொண்டிருந்தபோது கேமராக்காரப் பெண் பேட்டரி மாற்ற அறைக்குள் வந்தார். பேட்டரியை எடுத்துக்கொண்டு திரும்பியவர் திரையைப் பார்த்து நின்றார்.

"சார், இதுல பட்டம் குடுக்கிறது யாரு?"

"யாரு, சிறப்பு விருந்தினர்தான்."

"நல்லா பாருங்க சார். அது வாட்ச்மேன்."

சர்வர்காரர் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாகப் பார்த்தார். அதுவரை அவர் கவனித்ததெல்லாம் படம் அசைகிறதா என்பதை மட்டும்தான். நேற்றைய ஒத்திகையில், விருந்தினருக்குப் பதிலாக மேடையில் நிறுத்தப்பட்ட வாட்ச்மேன், நீலச் சட்டையும் சாவிக்கொத்துமாக, அலுவலக ஊழியர்களுக்கு வெகு கம்பீரமாகப் பட்டம் வழங்கிக்கொண்டிருந்தார். நேற்றுத் திறந்த பிரவுசர் பக்கம் மூடப்படாமலே கிடந்தது. நேற்று வாங்கிச் சேமித்த துண்டுகளையே அவருடைய பிரவுசர் சமர்த்தாக ஓட்டிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் துடைக்கச் சொன்னவர் தன்னுடையதைத் துடைக்கவில்லை.

"லாக் பாத்தீங்களா சார்?" என்றார் அந்தப் பெண், மிகவும் மரியாதையாக.

திறந்தார். ஒரே வரி, பக்கம் பக்கமாக: டிஸ்கில் இடம் இல்லை, டிஸ்கில் இடம் இல்லை. அரை மணி நேரமாகச் சர்வர் அவரிடம் மன்றாடிக்கொண்டிருந்திருக்கிறது. இடம் எங்கே போயிற்று? 'ஒத்திகை', 'ஒத்திகை புதுசு', 'ஒத்திகை கடைசி', 'ஒத்திகை கடைசியிலும் கடைசி' என்று வாட்ச்மேன் நான்கு பெரிய கோப்புகளில் அமர்ந்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அடுக்கி வைத்தவர் யார் என்பதைச் சொல்ல வேண்டுமா?

நான்கையும் அழித்தார். நான்காவதில் விரல் ஒரு நொடி தயங்கியது; பழக்கம். மென்பொருளை நிறுத்தி மறுபடி எழுப்பினார். உள்ளே ஒலிபெருக்கியில் இருநூற்றுப் பத்து கேட்டது. டிஸ்கில் முதல் துண்டு விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. இருநூற்றுப் பதினான்கு.

சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல் எழுந்து அடங்கியது. அக்கா மகள் மேடையேறி, வாங்கி, இறங்கியும் விட்டாள். ஆனால் நேரடி ஒளிபரப்பு என்பது இருபது விநாடி பின்தங்கி வருவது. அக்காவின் செல்போனில் அவள் இன்னும் படி ஏறவில்லை, ஏறுவாளா என்பதும் தெரியாது. சர்வர்காரர் போனை எடுத்துக் கூப்பிட்டார். இப்போது தன் திரையைப் பார்த்துப் பயனில்லை என்று புரிந்திருந்தது. பதினோரு வருட அனுபவத்தில் ஒரு தடவைகூட யாரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"அக்கா, உனக்கு என்ன தெரியுது?"

இருபது விநாடி எவ்வளவு நீளம் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"படியில நிக்கிறாடா" என்றார் அக்கா மெதுவாக. "தலையை ஒழுங்கா வாரிக்கவே இல்ல. இதோ போறா. வாங்கிட்டா. வாங்கிட்டாடா தம்பி." அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "போனை வை. வர்றவங்களையும் பாக்கணும்."

சர்வர்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திருந்தினாரா என்கிறீர்களா? சாயங்காலம் நிறுவனத்துக்கு அனுப்பிய அறிக்கையில் தெளிவாக எழுதியிருக்கிறார்: 'சில பார்வையாளர்களின் இணைப்பில் சிறு தடங்கல். நமது தரப்பிலிருந்து உதவி செய்யப்பட்டது.'

இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் முகம் கண் முன் வந்து போயிருக்கும். உங்கள் வீட்டில் இருப்பவர்களிடமும் இதைப் படிக்கக் கொடுங்கள். படித்து முடித்ததும் அவர்களுக்கு யார் முகம் வந்தது என்று கேட்காதீர்கள். அவர்கள் யாரை நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.